தலைவர் கால் அளவு

"இந்தச் செருப்போட உள்ள விட முடியாதும்மா" என்றார் பூங்கா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்.

தையற்காரி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அழுக்கு ஒன்றும் இல்லை. காலையில்தான் சோப்புப் போட்டுக் கழுவி, பிய்ந்திருந்த வாரைத் தடித்த ஊசியால் தைத்தும் வைத்திருந்தாள்.

"இதுக்கு என்ன குறைச்சல்?"

"கழண்டு வருது."

"செருப்புன்னா கழலத்தானே செய்யும்?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் அவர், குற்றவாளியே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்ட நிம்மதியோடு.

அவர் திறந்தவெளிக் கோடை இசைக் கழகத்தின் காலணிப் பொறுப்பாளர். சட்டையில் ஒரு தட்டு அளவுக்கு வட்டமான அடையாளச் சின்னம் குத்தியிருந்தார். அவருக்கு இரண்டு துணைப் பொறுப்பாளர்கள். வலது காலுக்கு ஒருவர், இடது காலுக்கு ஒருவர். கழகத்தில் இசைக்கென்று பொறுப்பாளர் யாரும் கிடையாது. இதுவரை தேவைப்படவில்லை.

"பாட்டுக் கேக்க வந்தவங்ககிட்ட காலைப் பத்தி என்ன கேள்வி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது நாத்தனார். காய்கறிக் கடை நடத்துகிறவள். அவள் வீட்டுக்குள் இருந்து தண்ணீர் கேட்டால் தெருக்கோடியில் இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"விதி ஒண்ணு. கயிறு கட்டற ஷூ போட்டவங்களுக்கு மட்டும்தான் புல்வெளியில அனுமதி."

"விதி ரெண்டு?"

"அதுவும் காலைப் பத்தித்தான்."

"இசையைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"அது பரிசீலனையில இருக்கு."

இந்த விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சில வருடங்களுக்கு முன், இதே போன்றதொரு கோடை மாலையில், இதே மேடையில், கழகத் தலைவர் தம் வரவேற்புரையின் மூன்றாம் பாகத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தார். வாத்தியக்காரர்கள் வாத்தியங்களை மடியில் கிடத்திவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். அப்போது ஒரு செருப்பு மேடைக்கு வந்தது. எறியப்பட்டது என்று சொல்லக் கூடாது. விசாரணைக் குழு பல அமர்வுகள் உட்கார்ந்து, பல தரப்பாரையும் கேட்டு, 'வந்தது' என்றுதான் முடிவு செய்தது. அது இடது கால் செருப்பு. ஆகவே இடது கால் உள்ள எல்லார் மேலும் சந்தேகம் விழுந்தது. செருப்பு இப்போது கழக அலுவலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கழகம் வாங்கிய கேடயங்களும் அதே அறையில்தான் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்கள் செருப்பைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இனி இப்படி நடக்காமலிருக்க என்ன வழி என்று செயற்குழு கூடிப் பேசியது. பேச்சைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றார் ஓர் உறுப்பினர். அவர் இப்போது உறுப்பினர் இல்லை.

"அதனாலதான் கயிறு" என்று விளக்கினார் காலணிப் பொறுப்பாளர். "மனுஷனுக்குக் கோபம் வந்து, குனிஞ்சு, முடிச்சைத் தேடி, அவிழ்த்து, கழட்டி, நிமிர்றதுக்குள்ள கோபம் ஆறிடும். நல்லா ஆராய்ஞ்சு பாத்துச் செஞ்சது."

"ஆறலைன்னா?" என்றாள் நாத்தனார்.

"அதுக்குத்தான் ரெட்டை முடிச்சு. முடிச்சு மேல அரக்கு முத்திரை. நன்றியுரை முடிஞ்சப்புறம், வெளியே போற வழியில நாங்களே உடைச்சு விடுவோம்."

நாத்தனார் மூட்டை இறக்கும்போது போடுகிற கான்வாஸ் ஷூவோடு வந்திருந்தாள். கயிறு இருந்தது. அவள் முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு சொட்டி, கழக முத்திரை குத்தி, அவளை உள்ளே அனுப்ப ஆயத்தமானார்கள். தையற்காரி மட்டும் நின்றாள்.

"நான் அப்படியே திரும்பிப் போயிடட்டுமா?" என்றாள் மெல்ல.

"போயிட்டு? அங்க எங்க அண்ணன் மூச்சு வராம உக்காந்திருப்பானே, அதுக்கு என்ன பண்றது?" என்றாள் நாத்தனார். "எனக்கு அவனைத் தெரியும் அண்ணி. நீங்க இல்லைன்னா அவன் வாசிக்க மாட்டான். குச்சியைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்."

தையற்காரியின் கணவர் பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். மாலையில் கழக வாத்தியக் குழுவில் கிளாரினெட். கடைசி வரிசையில், மற்றவர்கள் வாசிப்பதோடு சேர்ந்து வாசித்துக்கொண்டு, தான் இருப்பது தெரியாமல் பல வருடம் ஓட்டிவிட்டார். இந்த முறை மூத்த கிளாரினெட்காரர் புதிதாகப் பல் கட்டிக்கொண்டுவிட்டார். பல்லும் கிளாரினெட்டும் ஒத்துப்போகவில்லை. அதனால் நடுவில் தனியாக வாசிக்கிற பகுதி, முழுக் குழுவும் மௌனமாக இருக்க ஒற்றைக் கிளாரினெட் மட்டும் எழுந்து போகிற அந்தப் பகுதி, இவருக்கு வந்தது. நன்றாக வாசித்தால் முதல் வரிசை நாற்காலி. தடுமாறினால் அந்த நாற்காலிக்குத் தலைவரின் அண்ணன் மகன் தயாராக இருந்தார். அவர் தயாராக இருக்கத் தொடங்கி வெகுநாள் ஆகிறது.

இதில் ஒரு கோளாறு இருந்தது. வீட்டில் இருந்தது ஒரே கூடம். ஒரு மூலையில் அவள் தையல் மிஷின், எதிர் மூலையில் அவர் நாற்காலி. அவர் வாசிக்கப் பழகியதெல்லாம் அவள் மிஷினை மிதிக்கிற தாளத்தில்தான். நீளத் தையலுக்கு விரைவு, காலர் தையலுக்கு நிதானம், பொத்தான் துளைக்கு விட்டு விட்டு. நூல் அறுந்தால் அவர் வாசிப்பும் அறுந்து நிற்கும். அவள் ஊசியில் நூல் கோத்து மறுபடி மிதிக்கிற வரைக்கும் வாயில் குழலோடு காத்திருப்பார். இதை இருவருமே ஒரு குறையாக நினைத்ததில்லை, நேற்று வரைக்கும்.

"நீ முதல் வரிசையில உக்காரணும்" என்றார் நேற்று. "உன் வலது கால் எனக்குத் தெரியணும்."

"குழுவுக்கு முன்னாடி கோல் வெச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரே, அவரைப் பாத்து வாசிக்க வேண்டியதுதானே?"

"அவரு தலைவரோட மாப்பிள்ளை."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அவரு எங்களைப் பாத்துத்தான் கோலை ஆட்டறாரு."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைத் திருப்பிப் போட்டாள்.

"முகம் தெரியலைன்னாலும் பரவாயில்ல" என்றார் அவர். "கால் போதும்."

"இத்தனை வருஷக் குடும்பத்துக்கு இப்படி ஒரு வார்த்தை கேட்டாச்சு" என்றாள் அவள். ஆனால் சாக்குச் சொல்லாமல், தள்ளிப்போடாமல், வந்திருந்த தையல் வேலையை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பிவிட்டாள்.

"செருப்புக்காரங்களுக்குக் கழகமே ஷூ தருதும்மா. கவலைப்படாதீங்க" என்றார் காலணிப் பொறுப்பாளர்.

மேசைக்குப் பின்னால் ஒரு கூடாரம். அதற்குள் தட்டுத் தட்டாகக் கறுப்பு ஷூக்கள், தேய்த்துப் பளபளக்க வைத்தவை. தையற்காரி ஒன்றைக் கையில் எடுத்தாள். அடிப்பாகம் பலகை மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினாள், விரல்தான் மடங்கியது.

"இதைவிடப் பெரிசு காட்டுங்க."

"எல்லாம் ஒரே அளவுதாம்மா."

"எல்லாருக்கும் ஒரே அளவா? யார் அளவு அது?"

"தலைவர் கால் அளவு."

தலைவர் பெரிய உருவம். ஆனால் கால் மட்டும் சின்னது. கழகமும் ஏறக்குறைய அப்படித்தான்.

"பெரிய கால்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் நாத்தனார்.

"விரலை மடிச்சுக்குவாங்க."

"சின்னக் கால்காரங்க?"

"பஞ்சு வெச்சுக்குவாங்க. எல்லாரும் ஏதோ ஒண்ணைச் சகிச்சுக்கறாங்க பாருங்க, அதான் சமத்துவம். தலைவர் அளவுக்கு மக்கள் உயரணும்னு தீர்மானமே இருக்கு."

"எங்க அண்ணிக்கு உயரம் பிரச்சினை இல்லங்க. அகலம்தான்."

வருடக்கணக்காக மிஷினை மிதித்து மிதித்துப் பரந்துபோன கால் அது. கட்டைவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்திருந்தது. வலது கால் துணைப் பொறுப்பாளர் முதலில் தள்ளிப் பார்த்தார். இடது கால் துணைப் பொறுப்பாளரும் தம் எல்லையை மீறி வந்து கைகொடுத்தார். இருவரும் மூச்சுப் பிடித்து அமுக்கியபோது கால் உள்ளே போனது. தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"முதல்ல அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் பொறுப்பாளர். "அப்புறம் ஒண்ணும் தெரியாது. மரத்துப் போயிடும்."

ரெட்டை முடிச்சு விழுந்தது. அரக்கு சொட்டியது. கடைசியாக அவள் பையைத் திறந்து பார்த்தார்கள்.

"இது என்ன?"

"நூல்வெட்டி. தையற்காரி பையில வேற என்ன இருக்கும்?"

பொறுப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் வைத்துக் கூர் பார்த்து, சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, அது குத்தும்" என்றாள் நாத்தனார். "செருப்பாவது மேல பட்டுட்டுக் கீழ விழும்."

"நீ சும்மா இருக்க மாட்டியா?" என்றாள் தையற்காரி.

பொறுப்பாளர் விதிகளை மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். "விதியில செருப்பு மட்டும்தான் இருக்கு. இதைப் பத்தி ஒண்ணும் இல்ல. கொண்டு போங்க."

முதல் வரிசை வரைக்கும் அவள் போனதை நடை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. புல்வெளி முழுவதும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் குதிகாலால் மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஒரு தம்பதி ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். பார்ப்பதற்குப் புதுமணத் தம்பதி மாதிரி இருந்தார்கள். மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல காற்று. மேடையில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் காலை வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். எல்லார் முகத்திலும் அந்த நினைப்புத்தான் எழுதியிருந்தது.

"முதல் தடவையா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். ஓய்வுபெற்றவர், வழுக்கைத் தலை, கையில் விசிறி.

"ஆமாங்க."

"விரலை ஆட்டிப் பாக்காதீங்க. ஆட்டினா வீங்கும். நான் வருஷா வருஷம் வர்றேன்."

"இவ்வளவு வலிக்குதே, ஏன் வர்றீங்க?"

அவர் விசிறியை நிறுத்தினார். "போன வருஷம் கடைசியில கொஞ்ச நேரம் வாசிச்சாங்க. நல்லா இருந்துச்சு."

மேடையில் கிளாரினெட்டோடு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கண்ணால் தேடினார். அவளைப் பார்த்தார், உடனே பார்வையைக் கீழே இறக்கினார். கறுப்பு ஷூவைப் பார்த்ததும் அவர் புருவம் என்ன இது என்று கேட்டது. அவள் தோளைக் குலுக்கி, காலை ஆட்டிக் காட்டப் பார்த்தாள். கால் எழவில்லை. பலகை எப்படி வளையும்?

செயலாளர் ஒலிபெருக்கிக்கு வந்தார்.

"இசை ரசிகப் பெருமக்களே! இன்றைய நிகழ்ச்சி மிகச் சரியான நேரத்தில் தொடங்குகிறது. முதலில் நம் பெருமதிப்புக்குரிய தலைவர்…"

எல்லாரும் எழுந்து நின்றார்கள். தையற்காரி பயந்துபோய் தானும் எழுந்தாள். கட்டைவிரலில் யாரோ ஆணி அடித்தமாதிரி இருந்தது.

"என்ன ஆச்சு?"

"தலைவர்னு சொன்னா எழுந்து நிக்கணும்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "விதி நாலு."

"…அவர்களை வரவேற்க, துணைத் தலைவர்…"

மறுபடி எழுந்தார்கள்.

"இவரு துணைதானே?" என்றாள் தையற்காரி.

"அதுக்குள்ளயும் அந்த வார்த்தை வருதில்ல."

துணைத் தலைவர் வந்து, செயலாளர் தம்மை வரவேற்றதற்கு நன்றி சொன்னார். செயலாளர் அந்த நன்றிக்கு நன்றி சொன்னார். முன்னாள் துணைத் தலைவர் ஒருவர் 'சொற்சிக்கனம்' என்ற தலைப்பில் பேசினார். தலைப்பை விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒவ்வொருவர் பேச்சிலும் தலைவர் வந்தார். ஒவ்வொரு முறையும் புல்வெளி எழுந்தது, முனகியது, உட்கார்ந்தது. அந்த முனகலைச் செயலாளர் 'மக்களின் உணர்ச்சிப் பெருக்கு' என்று ஒலிபெருக்கியில் குறிப்பிட்டார்.

கடைசியில் தலைவரே எழுந்தார். அவர் காலில் மெத்தென்ற துணிச் செருப்பு.

"அவரு மட்டும்?" என்று நாத்தனார் சீறினாள். அது பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"அவரு யார் மேல எறியப் போறாரு?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"அன்பு நெஞ்சங்களே!" என்று தொடங்கினார் தலைவர். "இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சிலர் வெளியே பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், தெரிந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் இந்தக் கழகத்தை நடத்தியிருக்க முடியுமா? இசை தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிர்வாகம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. வேறு கச்சேரிகளுக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் நடுவிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். இங்கே யாராவது எழுந்து போகிறார்களா? போகத்தான் முடியுமா? அந்த அளவுக்கு ரசிகர்களை நாம் உட்கார வைத்திருக்கிறோம். இது என் ஒருவனுடைய சாதனை அல்ல. இது தலைவர் என்ற பதவியின் சாதனை!"

எழுந்தார்கள்.

அப்போதுதான் தையற்காரிக்குத் தன் வலது காலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போனது. வலி நின்றுவிட்டது. வலியோடு காலும் நின்றுவிட்டது. கீழே பார்த்தாள். ஷூ இருந்தது. அதற்குள் இருப்பது தன்னுடையதா என்றுதான் தெரியவில்லை.

"அடியே" என்று நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "கால் மரத்துப் போச்சு. ஆட மாட்டேங்குது."

"இடது காலை ஆட்டுங்க."

"அது எப்பவோ போச்சு."

தலைவர் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை கோலோடு முன்னால் வந்தார். நேரம் போய்விட்டதால் முதல் இரண்டு உருப்படிகளைக் கழகம் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பதாகச் செயலாளர் அறிவித்தார். மிச்சம் இருந்தது ஒன்று. கிளாரினெட் தனியாக வருகிற உருப்படி.

குழு வாசிக்கத் தொடங்கியது. வயலின்கள் எழுந்தன, கொம்புகள் சேர்ந்தன, பின்னால் மேளம் அடக்கமாக உருண்டது. அதைப் பார்த்துப் பார்த்து மாப்பிள்ளை கோலை ஆட்டினார். வலியில் சுருங்கியிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எல்லா வாத்தியங்களும் சொல்லிவைத்தமாதிரி அடங்கின. புல்வெளி நிசப்தமானது.

கிளாரினெட் வரவேண்டும். வரவில்லை.

அவர் குழலை உதட்டில் வைத்துக்கொண்டு, மேடையிலிருந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் அறுந்து அவள் கோத்துக்கொண்டிருக்கும்போது காத்திருப்பாரே, அதே மாதிரி, அதே பொறுமையோடு. மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். யாரும் வாசிக்காததால் கோலை எப்படி ஆட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை. கோல் அந்தரத்தில் நின்றது. மேடை ஓரத்தில் தலைவரின் அண்ணன் மகன் தம் கிளாரினெட்டை உறையிலிருந்து எடுத்தார்.

"ஐயோ, கடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்" என்றாள் நாத்தனார்.

தலைவர் எழுந்தார். "இந்த இனிய மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு" என்று ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார், "இரண்டே வார்த்தை. வாசிக்க வேண்டியவர் ஏனோ தயங்குவதால், நம் வீட்டுப் பிள்ளை ஒருவர்…"

தையற்காரி பைக்குள் கைவிட்டாள். அவளுக்குக் கோபம் இல்லை. அப்படி ஒன்று வருவதற்கு நேரமும் இல்லை. நூல் சிக்கினால் வெட்ட வேண்டும்; வருடக்கணக்காக அவள் கை செய்வது அதைத்தான். குனிந்து, முடிச்சுக்குக் கீழே நூல்வெட்டியைக் கொடுத்து ஒரு நறுக்கு. அரக்கும் முத்திரையுமாக ரெட்டை முடிச்சு அப்படியே புல்லில் விழுந்தது. ஷூவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் கை தலைக்கு மேலே போயிற்று.

முதல் வரிசையில், கழக வரலாற்றில் இரண்டாவது முறையாக, ஒரு காலணி உயர்ந்து நின்றது.

"வருது!" என்று கத்தினார் செயலாளர்.

மேடையில் அதன் பிறகு நடந்தது மிக ஒழுங்காக நடந்தது. பலநாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் போலும். தலைவர் மேசைக்கு அடியில் போனார். துணைத் தலைவர் பதவிக்கு ஏற்றபடி அவருக்குப் பின்னால் போனார். முன்னாள் துணைத் தலைவருக்கு இடம் இல்லாததால் மேசை விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கோலைப் போட்டுவிட்டு மேளத்துக்குப் பின்னால் பதுங்கினார். அண்ணன் மகன் எங்கே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு நிமிடம் முன்பு வரைக்கும் ஆட்கள் நிரம்பி வழிந்த மேடையில் வாத்தியக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எறியாதீங்க அண்ணி!" என்றாள் நாத்தனார். உடனே, "எறிஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

தையற்காரி எறியவில்லை. வெறுங்காலைப் புல்லில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி தெரிந்தது, ஆனால் கால் இன்னும் எழவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த ஷூவால் நாற்காலியின் மரச்சட்டத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

டக்.

அவர் நிமிர்ந்தார்.

டக், டக்டக். டக், டக்டக். காலர் தையலுக்கு மிதிக்கிற நிதானம். பலகை மாதிரி இருந்த அந்த அடிப்பாகம், நடப்பதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவியது. கழகம் வாங்கிய அத்தனை கருவிகளிலும் இப்படிக் கணீரென்று ஒலித்தது வேறொன்றும் இல்லை.

கிளாரினெட் வந்தது.

முதலில் மெல்ல, மூடியிருந்த ஜன்னலைத் திறந்தமாதிரி. பிறகு மேலே போனது. மரங்களுக்கு மேலே, விளக்குகளுக்கு மேலே, அவசரம் இல்லாமல், எங்கே போகிறோம் என்று தெரிந்த மாதிரி. வீட்டில் கூடத்தின் மூலையில் அவள் கேட்டதுதான். ஆனால் மிஷின் சத்தத்துக்கு அடியில் கேட்டதால் இத்தனை பெரிசு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. தட்டிக்கொண்டே வாயைத் திறந்து கேட்டாள். இத்தனை வருடம் தான் மிதித்தது துணிக்கு மட்டும் இல்லை என்று தோன்றியது. கை கொஞ்சம் தளர்ந்தது.

மேசை விரிப்புக்குக் கீழிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணி! கையை இறக்காதீங்க! தலை தெரியுது!"

ஷூ உயர்ந்தது. தலை உள்ளே போனது.

அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் விசிறியைக் கீழே போட்டார். "அந்த வெட்டியைக் கொஞ்சம் இப்படிக் குடுங்கம்மா" என்றார். அவரிடமிருந்து அது அடுத்தவருக்குப் போனது, அங்கிருந்து அடுத்த வரிசைக்கு. நறுக், நறுக் என்று முடிச்சுகள் விழுந்தன. வரிசை வரிசையாகப் பெருமூச்சு எழுந்தது. வாசலில் இருந்த காலணிப் பொறுப்பாளர் ஓடி வந்தார். வந்து பார்த்துவிட்டு நின்றார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் காலை நீட்டி, "எனக்கும் ஒரு வெட்டு" என்றார்.

எல்லார் கையிலும் ஒரு ஷூ. எல்லார் காலும் புல்லில். கிளாரினெட் தன் பகுதியை முடித்ததும் குழு முழுவதும் அந்தத் தட்டலோடு சேர்ந்துகொண்டது. முடிந்ததும் இன்னொன்று வாசித்தார்கள். விட்டுக்கொடுக்கப்பட்ட இரண்டு உருப்படிகளும் திரும்பி வந்தன. ஒலிபெருக்கி தனியாக நின்றுகொண்டிருந்தது. செயலாளர் மட்டும் மேசைக்கு அடியிலிருந்து நன்றியுரை வாசித்ததாகப் பிறகு சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பல அமர்வுகளுக்குப் பிறகு, 'காலணி வரவில்லை. வர எண்ணியது' என்று முடிவு செய்தார்கள். தலைவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. மேசைக்கு அடியில் இருந்தபடியே அவர் கிளாரினெட்டைக் கேட்டிருந்தார். யார் வாசித்தது என்று பார்க்க முடியவில்லையே தவிர, அவருக்கு அதில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை என்று ஒலிபெருக்கியில் தொடங்கியதும் தாம்தானே? 'அன்று தனியாக வாசித்தவருக்கு முதல் வரிசை நாற்காலி நிரந்தரம். எக்காலத்திலும் மாற்றக் கூடாது' என்று தாமே முன்மொழிந்து, கண் கலங்க நிறைவேற்றினார். பிறகு அண்ணன் மகனைக் கட்டிக்கொண்டார். அண்ணன் மகன் நல்ல பிள்ளை. அன்று தாம் கழிவறையில் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

தீர்மானத்தைத் திரும்பப் பெறலாமா என்று பார்த்தார்கள். அதற்கு விதி கிடையாது. எல்லா விதியும் காலைப் பற்றித்தான் இருந்தது.

இந்த வருடக் கோடையில் விதிகளைத் திருத்திவிட்டார்கள். வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. எறிய ஒன்றும் இருக்காது என்பது ஆராய்ந்து பார்த்துச் செய்த ஏற்பாடு. அண்ணன் மகனுக்கு வெறுங்கால் பொறுப்பாளர் பதவி. கூடுதல் பாதுகாப்புக்காகத் தலைவர் பேசுவதற்கென்று மேடையில் நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூண்டு ஒன்று கட்டியிருந்தார்கள். செருப்பு இருக்கிற அந்தப் பெட்டியைச் செய்த தச்சரிடமே கொடுத்துச் செய்தார்கள். நல்ல கெட்டியான கண்ணாடி. ஒலிபெருக்கியை உள்ளே கொண்டுபோக வழி வைக்க மறந்துவிட்டார்கள்.

தையற்காரி முதல் வரிசையில் வலது காலைப் புல்லில் நீட்டி உட்கார்ந்தாள். மேடையில், முதல் வரிசை நாற்காலியில் இருந்த கணவர் முதலில் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு, இந்த வருடம் புதிதாக, முகத்தையும் பார்த்தார்.

கூண்டுக்குள் தலைவர் கையை உயர்த்தி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். காற்று இதமாக வீசியது. குழு வாசிக்கத் தொடங்கியிருந்தது.

"என்ன பேசறாரு அண்ணி?" என்றாள் நாத்தனார்.

தையற்காரி காலால் தாளம் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கூண்டைக் கவனித்தாள்.

"தெரியலடி" என்றாள். "ஆனா போன வருஷத்தைவிட நல்லாப் பேசறாரு."